பெயர் சொல்லாத அறிவிப்பு

வைகாசி பிறந்து நாலு நாள்கூட ஆகவில்லை. தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால், வளர்ந்த ஆள் நிமிர்ந்து நடந்தால் தகரம் தலையில் இடிக்கிற சந்தில், மத்தியானச் சோறு வடிக்கிற நேரமாகப் பார்த்து ஒரு வீட்டில் சிலிண்டர் தீப்பிடித்துக்கொண்டது. வீடு என்றால் பத்துக்குப் பத்து அறை. பம்பாய்க்காரர்கள் அதைக் கோலி என்பார்கள். தீயணைப்பு வண்டி சந்துக்குள் நுழைய முடியாமல் ரோட்டிலேயே நிற்க, ஆட்கள் குழாயை மட்டும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அதற்குள் நாற்பது கோலி போயிற்று. ஒரு உயிர்கூடப் போகவில்லை என்பதை அந்தச் சந்துக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிக் கும்பிடுகிறார்கள்.

காயம் பட்டவன் ஒருத்தன்தான். பழைய பிளாஸ்டிக்கைத் தூளாக்கும் பட்டறையில் வேலை பார்த்த பூதத்தான், பெண்டாட்டியின் தையல் மிஷினைத் தூக்கப் போய் இரண்டு கையையும் சுட்டுக்கொண்டான். சயான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். அவன் மனைவி மாரிசெல்வி கூடவே இருக்க வேண்டியதாயிற்று. சோற்றை ஊட்டிவிடக்கூட ஆள் வேண்டுமே. அவர்களுக்கு ஆறு வயதில் ஒரே பெண் பிள்ளை. அந்தப் பிள்ளையின் பெயர் இந்தக் கதையில் வராது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

பிள்ளையை மாரிசெல்வி விட்டுப்போனது அடுத்த சந்துச் சண்முகவடிவிடம். சண்முகவடிவு முறுக்கு சுடுகிறவள். விடியுமுன் மாவு பிசைந்தால் பொழுது சாய்கிறவரை எண்ணெய்ச் சட்டியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். செம்பூரிலும் தாணேயிலும் கண்ணாடி அலமாரிக்குள் 'சக்லி' என்ற பெயரில் பவுசாக உட்கார்ந்திருக்கும் முறுக்கில் பாதி அவள் கை பிழிந்ததுதான். வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அவள் புருஷன் வானமாமலைதான் 'வானமாமலை சவுண்ட் சர்வீஸ்'. அம்மன் கோயில் கொடை விழா, கல்யாணம், மாதா திருவிழா, தர்கா உரூஸ் எதுவானாலும் அவர் ஒலிபெருக்கிக் குழல்தான் கட்ட வேண்டும். மைக்கை மட்டும் வேறு ஆள் கையில் கொடுக்க மாட்டார். கொடைக்கு வரி கொடுத்தவர் பெயரை, தகப்பன் பெயரோடு, சொந்த ஊரோடு, கும்பிடும் கோயிலோடு இழுத்து இழுத்துச் சொல்லுவார். தன் பெயர் தொண்ணூறு அடி ரோடு முழுக்கக் கேட்கிறது என்றால் கருமிகூடப் பையைத் திறப்பான். திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் தாராவியில் கோயில் கட்டியதும் பிணம் எடுத்ததும் பிள்ளைகளைப் படிக்கவைத்ததும் இப்படிப் பெயர் சொல்லி வாங்கின காசில்தான்.

தீ அணைந்த அன்றே கோயில் முன்னால் பந்தல் போட்டு வானமாமலை மைக்கைப் பிடித்துவிட்டார். அரிசி வந்தது, போர்வை வந்தது, தட்டு முட்டுச் சாமான் வந்தது. தோல் பட்டறை கரீம் பாட்சா இரண்டு அண்டா பிரியாணி இறக்கினார். வீடிழந்தவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட ஹாலில் அரிசி மூட்டை மேலேயே ஆட்கள் படுத்துத் தூங்கினார்கள். கொடுக்கிற விஷயத்தில் தாராவியைக் குறை சொல்ல ஒருத்தராலும் முடியாது.

அடுத்த நாள் ஜெபசெல்வி ஒரு நோட்டோடு பந்தலுக்கு வந்தாள். பிள்ளைகள் பாதுகாப்புக்கென்று இருக்கும் ஒரு சின்ன அமைப்பில் வேலை பார்ப்பவள். ஹாலில் எழுபது பிள்ளைகள் இருக்கிறார்கள், பெரியவர்கள் காலையிலிருந்து சேதக் கணக்கு எழுதும் பஞ்சநாமாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் வரிசையில் போய் நிற்கிறார்கள், வாசலில் யார் வருகிறார் போகிறார் என்று கேட்க நாதியில்லை என்று எடுத்துச் சொன்னாள். வாசலில் மாற்றி மாற்றி உட்கார இரண்டு பெண்கள், பிள்ளைகளுக்கென்று தாழ்ப்பாள் போட்ட ஒரு அறை, கூட்டிப்போகிறவர் யாரென்று எழுத ஒரு நோட்டு. இவ்வளவுக்கும் மூன்று மாதத்துக்குப் பணம் திரட்டித் தர வேண்டும் என்றாள். கோயில் கமிட்டிக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சம்பளமா, நம் சனம் நடுவில் நம் பிள்ளைக்கு என்ன வந்துவிடும் என்று கேட்டார்கள்.

"எங்க வெள்ளம் வந்தாலும் தீ பிடிச்சாலும், மொதல்ல வாரது அரிசி மூட்ட, அண்ணாச்சி. ரெண்டாவது வாரவன் பிள்ள பிடிக்கவன்" என்றாள் ஜெபசெல்வி. "அரிசிக்குக் குடுத்தாச்சி. ரெண்டாவதுக்கும் குடுங்க."

வானமாமலைக்கு அவள் பேச்சு பிடித்திருந்தது. அவள் கேட்டதற்கும் வசூல் செய்து காட்டுகிறேன் என்று மைக்கை எடுத்தார். அவருக்குத் தெரிந்த வசூல் ஒரே வகைதானே. ஆலங்கிணற்றைச் சேர்ந்த, வேம்படிச் சுடலையைக் கும்பிடுகிற பூதத்தான் இரண்டு கையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், மனைவி மாரிசெல்வி அவன் பக்கத்தில் இருக்கிறாள், பெற்ற மகள் என் வீட்டில் அப்பாவையும் அம்மாவையும் கேட்டுக் கேட்டு ஏங்குகிறது என்று பிள்ளையின் பெயரைச் சொல்லி, வயதைச் சொல்லி, ஒண்ணாம் வகுப்பு முடித்ததைச் சொல்லி, உருக்கமாகப் பேசினார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேட்டதில் பாதிப் பணமும் விழுந்தது. ஜெபசெல்வி அந்த நேரம் ஹாலில் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் இந்தப் பேச்சு அவள் காதில் விழவில்லை.

மறுநாள் பதினொரு மணி இருக்கும். வெயில் தகரத்தில் இறங்கி, சட்டிச் சூடும் சேர்ந்து, சண்முகவடிவின் கோலி கொதித்தது. பிள்ளை மாவு டப்பா பக்கத்தில் உட்கார்ந்து, உடைந்த முறுக்கைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. வாசலில் ஒரு ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பை ஆப்பிள்.

தான் மாரிசெல்விக்குச் சித்தப்பா மகன், கூடப்பிறந்த அண்ணன் மாதிரி, உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் தைக்கும் பட்டறையில் இருக்கிறேன் என்றார். சேதி கேட்டதிலிருந்து வீட்டுக்காரி அழுதபடி இருக்கிறாள் என்றார். சண்முகவடிவு ஒன்றும் ஏமாளி இல்லை. பம்பாயில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள். திருநெல்வேலிச் சனம் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டாள்.

"எந்த ஊருன்னிய?"

"ஆலங்கிணறு."

"கோயிலு?"

"மச்சான் பூதத்தானுக்கு வேம்படிச் சுடலைதாம்மா. எங்களுக்கு வேற."

ஊர் சரி, கோயில் சரி, மச்சான் பெயர் சரி. போதாததற்கு, பிள்ளை ஒண்ணாம் வகுப்பு முடித்துவிட்டதல்லவா, இரண்டாம் வகுப்புப் புத்தகம் நான் வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னார். அதற்குமேல் என்ன கேட்பது? அதுவும் தாய்மாமன். காது குத்த மடியில் வைத்துக்கொள்கிறவன், சடங்குக்குப் பட்டு எடுக்கிறவன், நாளைக்கு மணவறையில் மாலை எடுத்துக் கொடுக்கிறவன். அவனை வாசலில் நிற்கவைத்து விசாரிப்பது பெற்றவர்களுக்கே மரியாதைக் குறைவு. சண்முகவடிவு மணையை எடுத்துப் போட்டாள். மோர்க்குழம்பும் அவியலும் வைத்துச் சோறு போட்டாள். அவர் சாப்பிட்டு எழுந்து, தகப்பனைக் காட்டிவிட்டு அப்படியே நாலு நாள் வீட்டில் வைத்திருந்து கொண்டுவந்து விடுகிறேன் என்றபோது, ஒரு பாரம் குறைந்தது என்றுகூட நினைத்தாள். மாரிசெல்வியிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றால், அவள் போன் தீயில் போய்விட்டது.

பிள்ளை மாவு டப்பாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

"எனக்கு இவங்களத் தெரியாது" என்றது.

"சின்னதுல பாத்திருப்பட்டி. மாமாகிட்ட என்ன கூச்சம்?" என்று சண்முகவடிவு அதன் கையைப் பிடித்து இழுத்து, தானே அந்த ஆள் கையில் கொடுத்தாள். மராத்திப் பேப்பரில் முறுக்குப் பொட்டலம் ஒன்று கட்டி, வழிக்கு ஆகும் என்று அதையும் கொடுத்தாள்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஜெபசெல்வி நோட்டோடு வந்தாள். வானமாமலையும் சாப்பிட வந்திருந்தார். பிள்ளை எங்கே என்று அவள் கேட்டதற்கு, தாய்மாமன் வந்து கூட்டிப்போனார் என்று சண்முகவடிவு சட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். ஜெபசெல்வி முகம் மாறிவிட்டது. நேற்று மாலை ஆஸ்பத்திரியில் மாரிசெல்வியோடு உட்கார்ந்து அந்தப் பிள்ளைக்கு யார் யார் சொந்தம் என்று ஒரு பக்கம் எழுதி வந்திருந்தாள். பம்பாயில் அவர்களுக்குச் சொந்தமென்று ஒரு குருவிகூடக் கிடையாது.

"எப்பிடிக்கா நம்புனிய?"

"ஊரு சொன்னாம்லா. கோயிலு சொன்னான், தகப்பன் பேரு சொன்னான், பிள்ள ஒண்ணாங்கிளாஸ் முடிச்சதக்கூடச் சொன்னான்..." சொல்லிக்கொண்டே வந்த சண்முகவடிவு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க. இது அம்புட்டும் நேத்து நீங்க மைக்குல சொன்னதுல்லா."

வானமாமலை கையில் பிசைந்த சோற்றோடு அப்படியே இருந்தார். இருபத்தைந்து வருஷம் பிடித்த மைக்கில் ஒரு பிள்ளையை அட்ரஸ் எழுதி அனுப்பிவைத்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அழுவதற்கு நேரமில்லை. ஜெபசெல்வி பிள்ளைகள் உதவிக்கான 1098-க்குப் போன் போட்டாள், போலீசுக்குச் சொன்னாள், சயான் ஸ்டேஷன் பக்கம் நான் போகிறேன், மாஹிம் ஸ்டேஷன் பக்கம் நீங்கள் போங்கள் என்றாள். வானமாமலை ஒரு ரிக்‌ஷாவில் பேட்டரியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஏற்றி, குழலை மேலே கட்டினார். வயரைச் சண்முகவடிவுதான் சொருகினாள். மைக்கை வாயருகே கொண்டுபோனவரை ஜெபசெல்வி தடுத்தாள்.

"பிள்ள பேரச் சொல்லாதிய அண்ணாச்சி. பேரு தெரிஞ்சவன் எல்லாம் மாமன் ஆயிருவான். அவன் சட்டயச் சொல்லுங்க, செருப்பச் சொல்லுங்க."

சட்டையும் செருப்பும் சண்முகவடிவுக்குத்தான் தெரியும். சோறு போட்டவள் அல்லவா. ரிக்‌ஷாவில் புருஷன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல அவர் மைக்கில் சொன்னார். நீலக் கட்டம் போட்ட சட்டை, புதுச் செருப்பு, இடது கையில் பெரிய வாட்ச், மராத்திப் பேப்பரில் முறுக்குப் பொட்டலம், கூட மஞ்சள் கவுன் போட்ட பெண் பிள்ளை. தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை. ஊர் கிடையாது, கோயில் கிடையாது, தகப்பன் பெயர் கிடையாது. அறுபது அடி ரோட்டில் வண்டிகளும் கைவண்டிகளும் மாட்டிக்கொண்டு நின்ற நெரிசலில் ரிக்‌ஷா ஊர்ந்தது. சண்முகவடிவு வேண்டாத சாமி இல்லை. பிள்ளை சொன்ன ஒரு வரி மட்டும் காதிலேயே நின்றது. சொல்லிற்றே, தெரியாது என்று சொல்லிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மாஹிம் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பெல்ட்டும் பர்சும் பரப்பி விற்கிறவள் மதீனா பீவி. கடையநல்லூர்க்காரி. குழல் சத்தம் காதில் விழுந்தபோது நீலக் கட்டம் அவள் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவள் பர்சைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்ப் பிள்ளையின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஆள் சத்தம் போட்டிருக்கிறார். நான் தாய்மாமன், என் தங்கச்சி பிள்ளை என்று கூட்டத்தைப் பார்த்து நியாயம் கேட்டிருக்கிறார். ஆப்பிள் பையையும் முறுக்குப் பொட்டலத்தையும் தூக்கிக் காட்டியிருக்கிறார். கூட்டத்திலும் இரண்டு பேர், ஏன் பீவிக்கா, சொந்தக்காரரிடம் வம்பு பண்ணுகிறீர்கள் என்று கேட்டுவிட்டார்கள். மதீனா பீவி, மைக்குக்காரர் வரட்டும், அதுவரை டீ குடியும் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். குழல் சத்தம் பக்கத்தில் வர வர அந்த ஆளின் பிடி தளர்ந்தது. ரிக்‌ஷா வந்து நின்றபோது அவரைக் காணோம். ஆப்பிள்கள் மட்டும் ரோட்டில் உருண்டு கிடந்தன. அவன் யார், யாருக்காக வந்தான் என்று போலீசுக்கும் இன்றுவரை துப்பு இல்லை.

சண்முகவடிவு பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் மதீனா பீவியின் காலைத் தொடப் போனாள். பீவி பதறி விலகினாள்.

"எனக்கு எதுக்குத் தாயி? நீங்க சோறு போட்டு விசாரிச்சிய. அவன் கேட்டதுக்கெல்லாம் பதிலு வச்சிருந்தான். நான் ஒண்ணும் கேக்கல. கையப் பிடிச்சேன், விடல. அம்புட்டுதான்."

அன்று மாலை பந்தலுக்கு மாட்டுங்காவிலிருந்து சங்கரநாராயணன் வந்திருந்தார். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், ஒரு தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர். அணுசக்தி நகர் சிநேகிதர்கள் நாலு பேரையும் அழைத்து வந்திருந்தார். நடந்ததைக் கேட்டு நிஜமாகவே கலங்கிப்போனார். நல்ல மனுஷர். அதனால்தான் அந்த யோசனையும் சொன்னார்.

"குழந்தைய ஒரு நிமிஷம் மேடையில நிறுத்துங்கோ. கேக்கறவா மனசு இளகிடும். நீங்க கேக்கற தொகை இன்னிக்கே வந்துடும்."

நேற்றாக இருந்தால் வானமாமலை ஓடிப்போய்க் கூட்டி வந்திருப்பார். இன்று தலையை ஆட்டி மறுத்துவிட்டு, மேடையில் தான் ஒருத்தர் மட்டும் ஏறினார். எப்போதும் இழுத்து இழுத்துப் பேசுகிறவர் அன்று நேராக விஷயத்துக்கு வந்தார்.

"வானமாமலை பேசுதேன். நேத்து இந்த மைக்குல ஒரு பிள்ளையோட பேரு, ஊரு, அது இருக்க வீடு எல்லாத்தையும் சொன்னது நாந்தான். கேட்டவங்க துட்டு குடுத்தாங்க. கேட்ட இன்னொருத்தன் பிள்ளையக் கொண்டு போயிட்டான். ஒரு தாய் பிடிச்சி வச்சதால திரும்பக் கெடச்சிது. அது என் சாமர்த்தியம் இல்ல. அரிசி போதும்யா. இனி குடுக்கது வாசல்ல ஒக்கார ஆளுக்கும் ஒரு தாழ்ப்பாளுக்கும் குடுங்க."

முதலில் எழுந்தது கரீம் பாட்சா. ஒரு கவரை உண்டியலில் போட்டுவிட்டுப் பழக்க தோஷத்தில் அங்கேயே நின்றார். வானமாமலை அவர் பெயரை அறிவிக்கவில்லை. என்ன அண்ணாச்சி, என் பேரு இல்லையா என்று பாட்சா கேட்க, பெயரே இனிக் கிடையாது என்று இவர் சொல்ல, ஜெபசெல்விக்குக் காலையிலிருந்து முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. கொடுத்தவர்கள் பெயரைச் சொல்லலாம், வாங்குகிற பிள்ளைகள் பெயரைத்தான் சொல்லக் கூடாது என்று அவள் விளக்கிய பிறகு பாட்சாவின் பெயர் தொண்ணூறு அடி ரோட்டில் கணீரென்று கேட்டது. அப்புறம் கொடுக்க வரிசை நின்றது. சங்கரநாராயணன் தன் யோசனைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சங்கத்தின் சார்பில் ஒரு பெண்ணின் மூன்று மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொண்டார். மறுநாள் காலை ஹால் வாசலில் நாற்காலி போட்டு முதலில் உட்கார்ந்தது மதீனா பீவியின் மகள் ஷைஸ்தா.

பாக்கி இருந்தது ஒன்றுதான். மாரிசெல்விக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளைதான் கிடைத்துவிட்டதே, ஏற்கெனவே நொந்து கிடக்கிறவளிடம் எதற்கு என்றார் வானமாமலை. நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் சண்முகவடிவு இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்து, மறுநாள் மத்தியானம் மாரிசெல்வி பிள்ளையைப் பார்க்க வந்து உட்கார்ந்ததும், அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். மணை போட்டதைச் சொன்னாள், அவியல் வைத்ததைச் சொன்னாள். ஓங்கி ஒன்று கன்னத்தில் விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தாள்.

மாரிசெல்வி பிள்ளையை மடிக்கு இழுத்து, அதன் தலையை நீவிக்கொண்டே இருந்தாள்.

"நானா இருந்தாலும் சோறு போட்டிருப்பேன்க்கா. ஆலங்கிணறுன்னு ஒருத்தன் சொன்னா நான் அழுதேல்லா இருப்பேன்." பிறகு கேட்டாள். "பிள்ள ஒண்ணும் சொல்லலயா?"

சண்முகவடிவு எதைச் சொல்லப் பயந்தாளோ அது அதுதான்.

"சொன்னா. தெரியாதுன்னு சொன்னா. நாந்தான் கேக்கல. நாந்தான் கையப் பிடிச்சிக் குடுத்தேன்."

மாரிசெல்வி பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "நீ சொன்னது சரிட்டி. யாரு வந்தாலும் அப்பிடித்தான் சொல்லணும்" என்றாள். இரண்டு நாளாக எத்தனையோ பேர் அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்தார்கள், முத்தம் கொடுத்தார்கள், திருஷ்டி கழித்தார்கள். நீ சொன்னது சரி என்று ஒருத்தரும் சொல்லியிருக்கவில்லை. பிள்ளை அப்போதுதான், நடந்ததற்குப் பிறகு முதல் முறையாக, வாய்விட்டு அழுதது.

அழுது ஓய்ந்து, முகம் கழுவி, சாப்பிட்டு முடித்ததும் மாரிசெல்வி எழுந்தாள். அவருக்கு மருந்து மாற்றும் நேரம், பிள்ளை இங்கேயே இருக்கட்டும், நாளைக்கு வருகிறேன் என்றாள்.

"இன்னுமா என்கிட்ட விடுத?" என்று கேட்டாள் சண்முகவடிவு.

"வேற யாருகிட்ட விட? ஒளிக்காமச் சொன்னது நீங்கதான."

தாய் சந்து திரும்பி மறைகிற வரை இருவரும் வாசலில் நின்றார்கள். சண்முகவடிவு பிள்ளையின் கையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். அதன் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தாள்.

"என்கூட இருக்கியாட்டி? இருக்க மாட்டேன்னாலும் சொல்லு. ஜெபசெல்வி அக்காகிட்டக் கொண்டு விடுதேன்."

பிள்ளை அவள் முகத்தையும், உள்ளே அணைந்திருந்த அடுப்பையும், கோலியையும் ஒரு சுற்றுப் பார்த்தது. அவள் காத்திருந்தாள். வாழ்நாளில் யார் பதிலுக்காகவும் அவள் அப்படிக் காத்திருந்ததில்லை.

"இருக்கேன்" என்றது பிள்ளை.

சண்முகவடிவு இரண்டு கையையும் கூப்பி அந்த ஆறு வயதுப் பிள்ளையைக் கும்பிட்டாள்.